பழைய எண்ணுக்கு ஒரு கலம்

செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தை அடிக்கணக்கிலும், இருப்பை மில்லியன் கன அடியிலும், மதகுகளின் வழியே வெளியேறும் நீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்றும் குறிக்கும் சம்பிரதாயம், நாடு மெட்ரிக் அளவைக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேலான பின்னும் அப்படியே நீடித்து வருகிறது. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்ற இரண்டு எண்களையும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் நாளிதழ் படிக்கும் சென்னைவாசிகளில் பலர் ஏட்டைப் பாராமலே சொல்லிவிடுவர். இதைப் பழமையின்மீது கொண்ட பிடிவாதமென்று எண்ணுவது நியாயமாகாது. பல தலைமுறை அலுவலர்கள் ஒரே அலகில் எழுதிவைத்த குறிப்புகள் ஒரே தொடராக அமைந்திருப்பதால்தான், இவ்வாண்டு மழையை முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மழையோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அலகை மாற்றுவது ஒரு நாள் வேலையாக இருக்கலாம், ஆனால் மாற்றியபின் பழைய வரிகளையும் புதிய வரிகளையும் பிழையின்றிச் சேர்த்துப் படிப்பதற்கு வேண்டிய ஏற்பாடு ஒரு நாளில் முடிவதன்று.

இந்த ஏட்டில் இன்னுமொரு நுட்பம் உண்டு. நீர்மட்டம் என்பது கண்ணால் கண்டது. ஏரியில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எழுதியது. இருப்போ கணக்கிட்டுப் பெற்றது. இத்தனை அடி மட்டத்திற்கு இத்தனை கன அடி நீர் என்று, ஏரிப்படுகையை அளந்து தயாரித்த கொள்ளளவு அட்டவணையிலிருந்து எடுத்தது. வண்டல் படிந்தாலும் தூர் வாரினாலும் படுகையின் உருவம் மாறுகிறது. உருவம் மாறினால் அட்டவணையைத் திருத்தவேண்டும். திருத்தியபின், அதே 18 அடி மட்டம் முன்பு குறித்த இருப்பை விட்டு வேறோர் இருப்பைக் குறிக்கும். ஆகையால் இருப்பை மட்டும் எழுதி மட்டத்தை எழுதாத ஏடு, அட்டவணை மாறிய அன்றே தன் பழைய பக்கங்களின் பொருளை இழந்துவிடும். மட்டத்தையும், எந்த அட்டவணையைக் கொண்டு இருப்பைக் கணக்கிட்டோம் என்பதையும் சேர்த்து எழுதிய ஏடோ எத்தனை திருத்தங்களையும் தாங்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட பெருவெள்ளத்தைப் பிற்பாடு ஆராயப் புகுந்தவர்களுக்கு, அந்நாட்களின் வரத்தும் மட்டமும் திறப்பும் எந்த அலகில், எந்த அடிப்படையில் எழுதப்பட்டன என்ற தெளிவே முதல் ஆதாரமாக வேண்டியிருந்தது.

கணினித் துறையில் இப்படிக் கோடிட்டு வைத்த ஏட்டுக்குத் தரவுத்தளம் என்றும், அதன் கோடுகளுக்கு, அதாவது எந்த அட்டவணையில் எந்தக் கலம், அக்கலத்தில் எண்ணா எழுத்தா தேதியா, வெறுமையாக விடலாமா கூடாதா என்ற ஏற்பாட்டிற்கு, ஸ்கீமா என்றும் பெயர். 1970-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக அமைப்பதைப் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது அவர் முதன்மையாகக் கருதிய நோக்கம், இயந்திரத்துக்குள் தரவு எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அதைப் பயன்படுத்துவோர் அறிய நேராதபடி காப்பது. அடுக்கு மாறினாலும் கேள்வி மாறவேண்டாம் என்பது அவர் கண்ட லட்சியம். அந்த லட்சியம் பெரும்பகுதி நிறைவேறியது உண்மை. ஆயினும் கலங்களே மாறும்போது, ஒரு கலம் இரண்டாகவும் இரண்டு கலங்கள் ஒன்றாகவும் ஆகும்போது, கேள்வி கேட்பவரும் மாறித்தான் தீரவேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தை நடத்திக்கொடுக்கும் காரியத்தையே நிரலர்கள் மைக்ரேஷன் என்கிறார்கள்.

ஓர் அலுவலகம் தன் தரவுத்தளத்தைத் தானே மாற்றிக்கொள்வது ஒருவகையில் சுலபம். ஏடும் அவர்களுடையது, எழுதுகோலும் அவர்களுடையது. லைப்ரரி எழுதுபவர்களின் நிலை வேறு. லைப்ரரி என்பது, பிறர் எழுதும் மென்பொருள்களுக்குள் சேர்ந்து உழைக்கும் ஆயத்த நிரல்தொகுதி. கடவுச்சொல் சரிபார்ப்பது, வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் செய்விப்பது, யார் எப்போது எதை மாற்றினார் என்ற சரித்திரத்தைக் காப்பது முதலிய பொதுக் காரியங்களுக்கு உதவுவது. இவற்றுட் பல, தாம் குடிபுகுந்த மென்பொருளின் தரவுத்தளத்திலேயே தமக்கென்று சில அட்டவணைகளை அமைத்துக்கொள்கின்றன. லைப்ரரியின் ஆசிரியர் ஒரு புதிய பதிப்பில் ஒரு கலத்தைச் சேர்க்க விரும்பினால், அந்த அட்டவணைகள் எந்த ஊரில், எந்த இயந்திரத்தில், எத்தனை லட்சம் வரிகளோடு இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. ஒருவர் நேற்றைய பதிப்பிலிருந்து வருவார், மற்றொருவர் ஐந்து ஆண்டுகள் கவனியாமல் இருந்துவிட்டு முதற்பதிப்பிலிருந்து நேரே வருவார். காணாத வீட்டுச் சுவரை இடித்துக் கட்டும் பொறுப்பு இது என்பதை உணர்ந்தவரே இந்தத் தொழிலைச் செவ்வையாகச் செய்ய முடியும்.

இதற்கு முதல் பரிகாரம், ஏடு தன் பதிப்பெண்ணைத் தன்னுள்ளேயே தாங்கியிருப்பது. ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டு, இன்று ஏறக்குறைய ஒவ்வொரு செல்பேசிக்குள்ளும் இருக்கின்ற எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பு ஒவ்வொன்றும் 100 பைட் நீளமுள்ள ஒரு முகப்போடு தொடங்குகிறது. முதல் 16 பைட்டுகளில் தன் பெயரையும் தன் வடிவத்தின் எண் 3 என்பதையும் அது எழுதி வைத்திருக்கிறது. தொடக்கத்திலிருந்து 60 பைட்டுகளைக் கடந்து நின்றால், பயன்படுத்துபவர் தம் ஸ்கீமாவின் எண்ணைக் குறித்துக்கொள்ள 4 பைட்டுகள் விடப்பட்டிருப்பதைக் காணலாம். எஸ்க்யூலைட் அந்த நான்கு பைட்டுகளைத் தன் காரியத்திற்கு ஒருபோதும் உபயோகிப்பதில்லை. கோப்பைத் திறக்கும் நிரல் அங்கே 3 என்று கண்டால், மூன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து ஐந்துக்கும் போகும் படிகளை முறையாக நடத்திவிட்டு, அவ்விடத்தில் 5 என்று எழுதி முடிக்கலாம். ஒவ்வொரு பழைய பதிப்பிலிருந்தும் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நேர்வழி அமைப்பதென்றால், பத்துப் பதிப்புகளுக்கு 45 வழிகள் வேண்டும். படிப்படியாக ஏறுவதென்றால் 9 படிகள் போதும். ஒன்பதைப் பரிசோதிப்பது மனித சக்திக்கு உட்பட்டது. 2004-இல் வந்த மூன்றாம் வடிவத்தை இன்றுவரை கைவிடாமலும், 2050-ஆம் ஆண்டு வரை இதை ஆதரிப்போமென்று அறிவித்தும் அதன் ஆசிரியர்கள் காட்டும் நிதானத்தை நான் மனமார மதிக்கிறேன்.

இந்தச் சிக்கல் முழுவதையும், கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, நம் வருவாய்த்துறை நிலக் கணக்கில் சந்தித்திருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளவையிட்டபோது, கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளில் நிலத்தின் அலகு காணியாக இருந்தது. பிறகு ரயத்துவாரி முறையும், அதற்குரிய சங்கிலி அளவையும் வந்தபோது காணி ஏக்கராகவும் சென்டாகவும் மாறியது; ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் ஒரு புல எண் கிடைத்தது. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, யூ.டி.ஆர். என்ற மூன்றெழுத்தால் கிராமங்களில் இன்றும் வழங்குவது அதுதான். அனுபோகத்தில் உள்ளவர் யார் என்று ஊர் ஊராக விசாரித்து, உட்பிரிவுகளைத் திருத்தி, சென்டுகளை ஏர் என்ற மெட்ரிக் அலகாக்கி, புதிய பட்டாக்களை வழங்கிய அந்த முயற்சி நடந்துகொண்டிருந்த வேளையில்தான், 1980 நவம்பரில், பரம்பரையாகக் கணக்கை எழுதிவந்த கர்ணம் பதவியே ஒழிக்கப்பட்டது. கலங்களும் மாறின, அவற்றை நிரப்பி வந்த கையும் மாறியது. ஒரு மாநில அளவில் நடந்த மைக்ரேஷன் என்று இதனைச் சொல்வதில் மிகையில்லை.

அத்திட்டத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஓர் எளிய ஏற்பாடு. கிராமத்தின் அ-பதிவேட்டைத் திறந்தால், புல எண்ணும் உட்பிரிவும் எழுதிய கலத்திற்கு அடுத்தே, பழைய புல எண்ணும் உட்பிரிவும் எழுத ஒரு தனிக் கலம் விடப்பட்டிருக்கும். அதன்பின் ரயத்துவாரியா இனாமா, நன்செய்யா புன்செய்யா, மண்ணின் வகை என்ன, தரம் என்ன, தீர்வை வீதம் என்ன, பரப்பு எத்தனை, பட்டாதாரர் யார் என்பவை வரிசையாக வரும். அந்தப் பழைய எண்ணின் கலம், புதிய ஏட்டின் அன்றாடக் காரியம் எதற்கும் தேவையில்லை. தீர்வை கணக்கிட அது வேண்டாம், அடங்கல் எழுத அது வேண்டாம். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் கண்ட சர்வே நம்பர் இன்றைய எந்த நம்பர் என்று தேடி வருகிறவருக்கு அந்த ஒரு கலமே கதி. இக்காலத்துப் பத்திரங்களிலும், பழைய சர்வே நம்பர் இன்னது, பட்டாப்படி புதிய சர்வே நம்பர் இன்னது என்று இரண்டையும் சேர்த்தெழுதுவதைச் சொத்து விவரத்தில் யாரும் காணலாம். கோரிலேஷன் என்று வருவாய்த்துறையில் வழங்கும் இந்தப் பழக்கத்தை ஒவ்வொரு லைப்ரரி ஆசிரியரும் கற்கவேண்டும் என்பது என் துணிபு. அடையாள எண்களை மாற்றும்போது, பழையதற்கும் புதியதற்குமான பொருத்தத்தைத் தரவுத்தளத்திலேயே நிலையாக விட்டுச் செல்லாத மைக்ரேஷன், தன் பின்னால் வந்த பாலத்தைத் தானே கொளுத்திவிடுகிறது.

உட்பிரிவு எண்களின் அமைப்பும் சிந்திக்கத்தக்கது. 45/2 என்ற நிலம் இரண்டு பேருக்குப் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி என்றாகும். முன்னது மேலும் பிரிந்தால் 45/2ஏ1, 45/2ஏ2 என்றாகும். 45/2 என்ற எண் அதோடு வழக்கொழிந்துபோகும், வேறொரு நிலத்திற்கு அது மறுபடி சூட்டப்படுவதில்லை. எண்ணைப் பார்த்தாலே வம்சாவளி தெரிகிறது. ஆனால் தொடக்கத்தில் முழு எண்களை மட்டுமே கண்ட ஒரு நிரலர், உட்பிரிவுக் கலத்தை எண்வகையென்று ஸ்கீமாவில் நிர்ணயித்துவிட்டால், முதல் ‘2ஏ’ வந்து நிற்கும் நாளில் அந்தக் கலத்தை எழுத்துவகைக்கு மாற்றவேண்டி வரும். மாற்றியவுடன், எழுத்துவரிசைப்படி 10 என்பது 2-க்கு முன்னால் போய் அமர்ந்துகொள்ளும், பட்டியல்கள் எல்லாம் தாறுமாறாகும். வகையை மாற்றும் ஒரு சொற்ப ஆணை, வரிசைப்படுத்தும் நிரல்களையும், அச்சிடும் நிரல்களையும், மற்ற அலுவலகங்களுக்கு அனுப்பும் நிரல்களையும் தொட்டுவிடுகிறது.

இனி அலகு மாற்றத்தில் நேரும் நஷ்டத்தைப் பார்ப்போம். இதுவே இந்த அத்தியாயத்தின் மையம். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர். பட்டாக்களில் பரப்பு 1.00, 1.50, 2.00 என்று அரை ஏர்ப் படிகளில் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இப்போது மூன்று நிலங்களைக் கற்பனை செய்துகொள்வோம். 4 சென்ட் நிலம் 161.87 சதுர மீட்டர். அரை ஏருக்கு முழுமையாக்கினால் 1.50 ஏர். மூன்றரை சென்ட் நிலம் 141.64 சதுர மீட்டர்; அதையும் முழுமையாக்கினால் அதே 1.50 ஏர். 3 சென்ட் நிலம் 121.41 சதுர மீட்டர், அது 1.00 ஏராகிவிடும், காகிதத்தில் ஏறத்தாழ 230 சதுர அடி குறைந்து நிற்கும். நஞ்சையில் நெல் விளைந்த காலத்தில் 230 சதுர அடி வரப்பளவு வேற்றுமை. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வீட்டுமனைகள் நெருங்கிய இக்காலத்தில் அது ஓர் அறை. இதில் கணிதம் கற்பிக்கும் பாடம் யாதெனில், வேறு வேறான இரண்டு பழைய மதிப்புகள் ஒரே புதிய மதிப்பில் போய் விழுமானால், புதியதிலிருந்து பழையதை மீட்க எவராலும் இயலாது என்பது. 1.50 ஏரைத் திரும்ப சென்டாக்கினால் 3.71 வரும், அது முதல் நிலத்தின் அளவும் ஆகாது, இரண்டாம் நிலத்தின் அளவும் ஆகாது. பின்னோக்கிச் செல்லும் நிரலை எத்தனை சாமர்த்தியமாக எழுதினாலும், முன்னோக்கிப் போகையில் அழிந்த தகவல் திரும்பி வாராது.

ஆயினும் நிலக் கணக்கில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பரப்பு என்பது கணக்கிட்டு எழுதியது. அதற்கு மூலமான அளவைகள் எஃப்.எம்.பி. என்று வழங்கும் புலப்படத்தில் கோட்டுக்குக் கோடு எழுதப்பட்டிருந்தன. பழைய படங்களில் அவை லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் என்பது 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. அ-பதிவேட்டில் பரப்பு மங்கினாலும், புலப்படத்தின் நீளங்களிலிருந்து அதை மீண்டும் கணக்கிடலாம். ஏரியின் மட்டத்தைப் பற்றி முதலில் சொன்னது இங்கே முழுப் பொருளோடு விளங்குகிறது: கண்டதைக் காத்தவன், கணக்கிட்டதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். லைப்ரரியின் அட்டவணைகளில் எவை கண்டவை, எவை கணக்கிட்டவை என்று தரம் பிரித்துக்கொண்டு, முன்னவற்றைத் தொடும்போது மட்டும் பத்து மடங்கு எச்சரிக்கை கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

வருவாய்த்துறையின் பசலி ஆண்டு மற்றொரு தடங்கலைக் காட்டுகிறது. பசலி 1389 என்றால் 1979 ஜூலை முதல் நாள் தொடங்கி 1980 ஜூன் 30-இல் முடிவது. அடங்கலில் பசலி மட்டும் எழுதிய பழைய வரியை, ஆங்கில ஆண்டு என்ற ஒரே கலமுள்ள புதிய அட்டவணைக்குள் நுழைக்கவேண்டுமானால், 1979 என்று எழுதினாலும் பாதி பொய், 1980 என்று எழுதினாலும் பாதி பொய். தொடக்கம், முடிவு என இரண்டு கலங்கள் வைப்பதே முறை. இதனோடு ஒட்டிய இன்னொரு விஷயம், புதிதாய்ச் சேர்க்கும் கலத்தைப் பழைய வரிகளில் எதைக்கொண்டு நிரப்புவது என்பது. நிலத்தில் கிணறு உண்டா என்ற கலம் புதிதாக வந்தால், சோம்பேறித்தனமான நிரல் பழைய வரிகள் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று எழுதிவிடும்; மறுநாளே அக்கிராமத்தில் ஒரு கிணறும் இல்லையென்று புள்ளிவிவரம் சாட்சி சொல்லும். விசாரிக்கவில்லை என்பதும், விசாரித்து இல்லையென்று கண்டது என்பதும் வேறு வேறு. கலத்தை வெறுமையாக விடும் அனுமதியைத் தரவுத்தளங்கள் அளித்திருப்பது இந்த வேற்றுமையைக் காப்பதற்காகவே; ஆனால் வெறுமை கண்டால் தடுமாறும் பழைய நிரல்களுக்கு அஞ்சி, ஏதேனும் ஒன்றை நிரப்பிவிடும் தூண்டுதல் எளிதில் விடுவதில்லை. யூ.டி.ஆர். காலத்தில் எழுதப்பட்ட பெயர்ப் பிழைக்கும் பரப்புப் பிழைக்கும் திருத்தம் கோரி இன்றும் வருவாய் அலுவலகங்களுக்கு மனுக்கள் வந்துகொண்டிருப்பதை நினைத்தால், ஒரு தடவை ஏட்டில் ஏறிய ஊகம் எத்தனை தலைமுறைக்கு உண்மையின் அந்தஸ்தோடு உலவும் என்பது புலப்படும்.

மாற்றத்தை நடத்தும் முறைக்கு வருவோம். ஏரியில் நீர் நிற்கும்போதே மதகைப் பழுதுபார்க்க நேர்ந்தால், மதகைச் சுற்றி நீருக்குள் அரைவட்டமாக ஒரு மண்கரை போட்டு, உள்ளே நிற்கும் நீரை இறைத்துவிட்டு வேலை செய்வார்கள்; வேலை முடிந்து, மதகு சோதிக்கப்பட்ட பிறகே அந்தத் தற்காலிகக் கரையை எடுப்பார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் கலம் மாற்றுவதும் இவ்வாறே நடக்கிறது. சென்ட் என்ற கலத்தின் பெயரையும் பொருளையும் ஒரே அடியில் ஏராக மாற்றாமல், பக்கத்தில் ஏர் என்ற புதுக்கலத்தை வெறுமையாகச் சேர்ப்பர். பிறகு எழுதும் நிரல் ஒவ்வொன்றும் இரண்டிலும் எழுதும்படி புதிய பதிப்பு ஒன்றை வெளியிடுவர். பழைய வரிகளைச் சிறு சிறு தொகுதிகளாகக் கணக்கிட்டு நிரப்புவர். இரண்டு கலங்களும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுவர். அதன்பின்னரே படிக்கும் நிரல்களைப் புதுக்கலத்திற்குத் திருப்புவர். பழைய கலத்தை நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் வேறொரு பதிப்பில். லைப்ரரி ஆசிரியருக்கு இந்த இடைக்காலம் அதிக நீளமாகவே இருக்கவேண்டும். ஒரே தரவுத்தளத்தைப் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே சமயத்தில் படித்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவசியம் வரும் என்று அவர் எதிர்பார்த்தே எழுதவேண்டும்.

வேலை நடுவில் மின்சாரம் நின்றுபோனால் என்னாகும்? போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் கலத்தைச் சேர்ப்பதும் வரிகளை நிரப்புவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடங்கும். முடிந்தால் முழுவதும் முடியும், இன்றேல் ஒன்றும் நடவாததாகும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஸ்கீமா ஆணை ஒவ்வொன்றும் அந்தக் கணமே உறுதியாகிவிடுவதால், ஐந்து ஆணைகளில் மூன்று நிறைவேறிய அந்தரநிலையில் ஏடு நின்றுவிடக் கூடும். ஆகையால் அங்கே ஒவ்வொரு படியையும் மறுமுறை நடத்தினாலும் கேடு விளையாதபடி எழுதவேண்டும். எஸ்க்யூலைட்டிலோ ஒரு கலத்தின் பெயரை மாற்றும் ஆணை 2018-இலும், கலத்தை நீக்கும் ஆணை 2021-இலும்தான் வந்தன. அதுவரை புதிய அட்டவணை ஒன்றை அமைத்து, வரிகளைப் பெயர்த்தெழுதி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுவதே வழியாயிருந்தது.

படிகளுக்கு எண்ணிடுவதிலும் ஒரு சரித்திரம் உண்டு. ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகம் முதலில் 001, 002 என்று மைக்ரேஷன்களுக்கு எண்ணிட்டது. ஒரே நாளில் இரண்டு நிரலர்கள் தத்தம் மேசையில் 017 என்ற எண்ணில் வெவ்வேறு படிகளை எழுதிக்கொண்டு வந்து நின்றபோது தகராறு எழுந்தது. 2008-இல் அது எண்களைக் கைவிட்டு, எழுதிய நேரத்தையே பெயராக்கியது. ஜாங்கோ சட்டகம் 2014-இல் வெளிவந்த தன் 1.7-ஆம் பதிப்பில் வேறு வழி கண்டு, இந்தப் படி எந்தப் படியை நம்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் எழுதச் செய்தது. பல லைப்ரரிகள் ஒரே தரவுத்தளத்தில் குடியிருக்கையில் இந்த இரண்டாவது முறையே மேலானது என்பது என் அபிப்பிராயம். நேரம் முன்பின்னைச் சொல்லுமேயன்றிக் காரண காரியத்தைச் சொல்லாது.

அடையாளத்திற்குள் அர்த்தத்தைப் புதைப்பதால் வரும் துன்பத்தைச் செம்பரம்பாக்கம் பகுதியின் மாவட்ட எல்லைகளே காட்டுகின்றன. 1997-இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஏரிக்கு அணித்தேயுள்ள பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் எண்களைக் கோத்து நிலத்தின் அடையாளமாக்கி, அந்த அடையாளத்தைப் பட்டா அட்டவணையிலும் அடங்கல் அட்டவணையிலும் வரி அட்டவணையிலும் நகலெடுத்து வைத்தால், ஓர் அரசாணை வெளியான நாளில் லட்சக்கணக்கான வரிகளில் அடையாளம் மாறவேண்டும். அணுவளவும் அசையாத நிலம் ஏட்டில் இடம்பெயர்ந்துவிடும். நிலத்திற்கு அர்த்தமற்ற, மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்நிலம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பதை வேறோர் அட்டவணையில் எழுதினால், மாவட்டப் பிரிவினை ஒரு சில வரிகளில் முடிந்துவிடும். 1996-ஆம் ஆண்டுப் பத்திரம் அன்றைய மாவட்டத்தின் பெயராலேயே சரியாகப் படிக்கப்படும். தேசியத் தகவலியல் மையம் தயாரித்த தமிழ்நிலம் மென்பொருளின் பதிவுகள், வட்ட அலுவலகங்களின் தனித்தனிக் கணினிகளை விட்டு இணையவழி ஒரே அமைப்புக்கு வந்த காலத்தில், இத்தகைய எண்களின் முக்கியத்துவம் இன்னும் பெருகிற்று.

நீக்கும் காரியத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி பாசனத்திற்கென இருந்த காலம் போய், சென்னையின் குடிநீருக்கென ஆகிவிட்டது. நன்செய் என்ற வகைப்பாடும், அதன் தரமும் தீர்வையும், வீடுகள் எழுந்துவிட்ட மனைகளின் வரிகளில் பயனற்றவையாகத் தோன்றலாம். புதிய ஸ்கீமா வரைபவருக்கு அக்கலங்களை எடுத்துவிட ஆசை வரும். ஆனால் ஒரு நிலம் ஒருகாலத்தில் ஏரிக்குக் கீழ்ப்பட்ட நன்செய்யாக இருந்தது என்ற செய்தி, மழைநீர் எங்கே வடிந்து தேங்கும் என்று ஆராயும் பொறியாளருக்குப் பொக்கிஷம். தாம் படிக்காத கலத்தை யாருமே படிப்பதில்லை என்று கருதும் உரிமை லைப்ரரி ஆசிரியருக்கு இல்லை. ஆண்ட்ராய்டு செல்பேசிகளுக்கென கூகுள் வெளியிட்ட ரூம் என்ற லைப்ரரியில், பழைய பதிப்பிலிருந்து வரும் வழி எழுதப்படாவிட்டால் அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குக என்று கட்டளையிடும் ஒரு வசதி உண்டு. மீண்டும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய நகல்களுக்கு அது தகும். ஒருவர் தம் கையால் எழுதிய குறிப்பு அங்கே ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தகாது.

மைக்ரேஷன் எழுதி முடித்தபின் அதைச் சோதிப்பதற்கு, வெறுமையான தரவுத்தளம் எவ்விதத்திலும் போதாது. முதற்பதிப்பு உண்டாக்கிய பழைய கோப்பு ஒன்றையும், ஒவ்வொரு பதிப்பின் கோப்பையும், நடைமுறையில் காணும் குழப்பங்களோடு பத்திரப்படுத்தி வைத்திருந்து, புதிய பதிப்பு ஒவ்வொன்றும் அவை அனைத்தின் மீதும் ஏறிப் பார்க்கவேண்டும். ஏறியபின் வரிகளின் எண்ணிக்கை முன்போலவே இருக்கிறதா, அடையாளம் எதுவும் அநாதையாகத் திரிகிறதா என்று பார்ப்பதோடு, மொத்தத்தையும் சரிபார்க்கவேண்டும். நில அளவையாளர் இந்த முறையை நன்கு அறிவார். ஒரு கிராமத்தின் புல எண்கள் அனைத்தின் பரப்பையும் கூட்டினால் கிராமத்தின் மொத்தப் பரப்பு வரவேண்டும், ஏரி, சாலை, வாய்க்கால் முதலிய புறம்போக்குகள் உட்பட. சென்ட் கலத்தின் கூட்டலை ஹெக்டேராக்கி, ஏர் கலத்தின் கூட்டலோடு வைத்துப் பார்த்தால், அரை ஏருக்கு முழுமையாக்கியதனால் விளைந்த ஒரு சிறு வித்தியாசம் மிஞ்சும். அந்த வித்தியாசத்தை ஏதேனும் ஒரு பெரிய வரியில், ஏரிப் புறம்போக்கைப் போல எவரும் கேட்க வராத வரியில், கூட்டியோ கழித்தோ மறைத்துச் சமப்படுத்திவிடலாகாது. எத்தனை ஏர், எந்தப் பதிப்பில், எந்தக் காரணத்தால் என்று குறிப்புக் கலத்தில் எழுதி, அந்த மைக்ரேஷனின் பதிவோடு சேர்த்து வைக்கவேண்டும்.